கேட்காமல் விட்ட பன்னிரண்டாவது வீடு

என்னுடைய முதல் ஆராய்ச்சியில் முடிவுதான் முதலில் வந்தது. கருதுகோள் அதற்குப் பிறகு வந்தது. பரிசோதனை எல்லாவற்றுக்கும் கடைசியாக, போனால் போகிறது என்று வந்து சேர்ந்தது. புத்தகத்தில் இருக்கிற வரிசை இதற்கு நேர் எதிர் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் பிழையில்லாமல் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பேன். எழுதுவதற்கு ஒரு வரிசை, செய்வதற்கு இன்னொரு வரிசை இருப்பதில் எட்டாம் தரத்துப் பிள்ளையான எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆராய்ந்த விஷயம் வயிற்றுவலி. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் மலையில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. லயத்துக்குப் பின்னால் மலையில் ஊறிவரும் தண்ணீரை ஓர் இரும்புக் குழாய் வழியாக விழ வைத்திருந்தார்கள். அதைப் பீலி என்போம். குடிக்க, குளிக்க, துவைக்க, சண்டை பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். அந்த வருடம் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் வந்துகொண்டே இருந்தன. அதிலும் திங்கட்கிழமையில்தான் அதிகம்.

திங்கட்கிழமை வரும் வயிற்றுவலியை எந்தத் தாய் தகப்பன் நம்புவார்கள்? "பள்ளிக்கூடக் கள்ளம்" என்று முதுகில் இரண்டு வைத்து அனுப்பினார்கள். என் தம்பி அப்படி அனுப்பப்பட்டு, பாதி வழியில் தேயிலைக்குள் ஓடி உட்கார்ந்து, நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பி வந்தான். பிறகு கொழுந்தெடுக்கப் போகிற பொம்பளைகளுக்கும் அதே திங்கட்கிழமை வலி வந்தது. அப்போதுதான் லயம் நம்பியது. பெரியவர்களுக்கு வந்தால்தானே நோய்.

அந்தச் சமயத்தில்தான் விஞ்ஞான டீச்சர், கண்காட்சிக்காக அவரவர் இடத்தில் உள்ள பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து வரச் சொன்னார். நான் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் முடிவைக் கண்டுபிடித்துவிட்டேன். பீலிக்கு மேலே என் பெரியப்பாவின் மாட்டுப்பட்டி இருந்தது. அதில் இரண்டு பசு, ஒரு கன்று. தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது, மாடு மேலே நிற்கிறது, வயிறு கீழே வலிக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் லயத்திலேயே பன்னிரண்டாவது வீட்டில், கடைசியில் இருந்தார். பிள்ளைகள் இல்லாத மனிதர். தினமும் காலையில் பால் கறந்ததும் தம்பிக்கும் எனக்கும் ஒரு செம்புப் பாலை அவரே கொண்டுவந்து இஸ்தோப்பில், அதாவது எங்கள் வாசல் விறாந்தையில், வைத்துவிட்டுப் போவார். அந்தப் பாலைக் குடித்துவிட்டுத்தான் நான் அவருடைய மாட்டுக்கு எதிராக ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டேன். விஞ்ஞானத்துக்கு உறவு முறை கிடையாது என்று எங்கேயோ வாசித்திருந்தேன். அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதலில் ஆய்வு வினா தயாரித்தேன். "மேலே உள்ள மாட்டுப்பட்டியால்தான் நமது குடிதண்ணீர் கெட்டுப்போகிறது என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?" இதை டிமை என்கிற பெரிய தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மாலை நேரம். வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் என்னை அனுப்பினால் போதும் என்று "ஆமாம்மா, ஆமா" என்றார்கள். பதினொரு வீட்டில் பதினொரு ஆமாம். பன்னிரண்டாவது வீட்டுக்கு நான் போகவில்லை. அவர் என்ன சொல்வார் என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே.

பிறகு பரிசோதனை. இரண்டு ஜாம் போத்தல்களைக் கழுவி எடுத்தேன். ஒரு சனிக்கிழமை பட்டிக்கு மேலே ஏறி, ஊற்றுக்கண்ணில் ஒரு போத்தல் பிடித்தேன். இறங்கும்போது காலில் மூன்று அட்டைகள் ஏறிவிட்டன. அவற்றைப் பிய்த்துப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டாவது போத்தலை அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பீலியில் பிடித்தேன். முதல் போத்தல் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவதில் வெண்மையாக எதுவோ மிதந்தது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். பதினொரு வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் கலங்கியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிரிஸ்டல் போர்டு என்கிற கெட்டித் தாளில் படம் வரைந்து, மாட்டுக்குச் சிவப்புக் கலர் அடித்து, "இரண்டு மாதிரிகளும் ஒரே தினத்தில் பெறப்பட்டன" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அட்டை கடித்த கதையெல்லாம் விஞ்ஞானத்தில் வரக்கூடாது அல்லவா?

பள்ளிக்கூடத்தில் முதலாம் இடம் கிடைத்தது. அதுதான் வினையாகப் போனது. எங்கள் லயத்துத் தொழிற்சங்கத் தலைவர், எனக்குத் தாத்தா முறை, என் பிரிஸ்டல் போர்டை வாங்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் சாய்த்து வைத்துக் கூட்டம் போட்டார். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வெளித்தோட்டங்களிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்கு இந்தத் தண்ணீரையா கொடுப்பது என்று கேட்டார். திருவிழாவுக்கு முன்னால் மாடுகளை வெளியேற்ற வேண்டும் என்று முடிவானது. வேறு இடத்தில் பட்டி போடப் பெரியப்பாவுக்கு நிலம் எங்கே இருக்கிறது? விற்பதுதான் ஒரே வழி. ஒரு பசு சினையாக வேறு இருந்தது.

பெரியப்பா எழுந்து நின்று பிரிஸ்டல் போர்டைப் பார்த்தார். சிவப்பு மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்லுது. சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்த நாளும் பால் வந்தது. ஆனால் பெரியம்மா கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து பெரியப்பா எங்கள் வாசலுக்கு வரவே இல்லை. அப்பா என்னோடு அளவாகப் பேசினார். தம்பிக்குத் திங்கட்கிழமை வயிற்றுவலி வழக்கம்போல வந்தது.

பதுளையில் நடந்த மாகாணக் கண்காட்சிக்கு அந்தப் பிரிஸ்டல் போர்டோடு போனேன். நடுவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார். பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், தலையை மூடி முக்காடு, காலில் சாதாரண செருப்பு. நான் ஒப்புவித்ததை முழுவதும் கேட்டார். மற்ற நடுவர்கள் "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இவர் மட்டும் நின்றார்.

"இந்த வயித்து வருத்தம் எப்ப தொடங்கினது, மகள்?"

எனக்கு விளங்கவில்லை. "எப்பவும் இருக்குங்க மிஸ்" என்றேன்.

"போன வருஷமும் இருந்ததா?"

நான் கூரையைப் பார்த்தேன். போன வருடம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் மாடு போன வருடமும் இருந்தது, அதற்கு முந்தின வருடமும் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே பெரியப்பாவுக்கு மாடு இருந்தது. இது எனக்கு அந்த நிமிடம் வரை தோன்றவே இல்லை. அடுத்து, இரண்டு போத்தலையும் ஒரே நாளில்தான் பிடித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வாய்தவறி அட்டை கடித்த கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு என் தாளில் இருந்த பதினொரு ஆமாம்களையும் விரலால் எண்ணினார்.

"லயத்தில பன்னிரண்டு வீடுன்னு எழுதியிருக்கீங்க. மற்ற வீடு?"

"அது மாட்டுக்காரவங்க வீடுங்க மிஸ்."

"அங்க யாருக்கும் வயித்துவலி வரல்லியா?"

வரவில்லை. அவர்கள் பீலிக்குப் போவதில்லை. பட்டிக்குக் கீழே ஓடும் அதே தண்ணீரில் ஒரு ரப்பர் குழாயைப் போட்டு நேராக வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மாவுக்கு ஒரு நாள்கூட வயிறு வலித்ததில்லை. அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "அவங்களுக்குப் பழகிருச்சுங்க மிஸ்" என்றேன். அவர் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று கொப்பியில் எதையோ எழுதினார். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. போகும்போது, "நான் உங்கட தோட்டத்துக்கு வந்து பாக்கலாமா?" என்று கேட்டார். பரிசும் தராமல் வீட்டுக்கும் வருகிறேன் என்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நுணுக்குக்காட்டி, வெள்ளைக் கோட்டு, ரசாயனப் போத்தல் என்று லயமே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு குடை, ஐஸ் போட்ட சின்னப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு கொப்பியும் பென்சிலுமாக யார் வந்து மலையை அண்ணாந்து பார்த்தாலும் எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு பதறும். முதல் வீட்டு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "மல எறங்கப் போகுதாங்க மிஸ்?" என்று கேட்டார். "மலையப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் தண்ணி பாக்க வந்தன்" என்றார் மிஸ்.

அன்று அவர் சொன்ன முதல் தெரியாது அதுதான். அதற்குப் பிறகு சரமாரியாக வந்தது. தண்ணியில என்னங்க இருக்கு? தெரியாது. மாட்டாலயா? தெரியாது. குடிக்கலாமா கூடாதா? "தெரியாது, அதனால கொதிக்க வச்சுக் குடிங்க." நான் பின்னாலேயே நடந்து, என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு கோடு. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இருபத்திரண்டு தடவை தெரியாது என்று சொல்கிற ஒருவரிடமா என் முதலாம் பரிசு போனது என்று எனக்கு வயிறு எரிந்தது. லயத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீடு வீடாக அவரும் போனார். ஆனால் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியாக யாருக்கு எந்த நாள் வலித்தது, அதற்கு முந்தின நாள் எந்த நேரம் தண்ணீர் எடுத்தீர்கள், அதே தண்ணீரைக் குடித்தும் வலிக்காதவர் யார் என்று கேட்டார். வலித்தவர்களைவிட வலிக்காதவர்களைத் தேடித் தேடிக் கேட்டார். பன்னிரண்டாவது வீட்டில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா கொடுத்த தேத்தண்ணீரை, அந்த ரப்பர் குழாய்த் தண்ணீரில் போட்டதை, மடமடவென்று குடித்தார். பட்டிக்கு ஏறிப்போய்ச் சாணிக் குவியலைச் சுற்றி வந்தார். பிறகு பீலிக்கு எதிரே ஒரு கல்லில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கா ஒரு பஸ் பிடித்து வரவேண்டும்?

ஞாயிறு என்றால் பீலியில் திருவிழாதான். வேலை இல்லாத நாள், எல்லா வீட்டுப் பொம்பளைகளும் துவைக்க வருவார்கள். அன்று முதலில் குடம் கொண்டுவந்த இரண்டு பேர், குழாய் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, உட்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மறுபடியும் கட்டினார்கள். பிறகு குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். மிஸ் கல்லிலிருந்து விருட்டென்று எழுந்தார்.

"என்ன செஞ்சீங்க இப்ப?"

"ஒரு பக்கம் அழுக்காயிருச்சுங்க மிஸ். மறு பக்கம் திருப்பிக் கட்டுறோம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம செய்யிறதுதான்" என்றார் ஒருவர், நல்ல காரியம் செய்கிறவரின் முகத்தோடு.

"கழுவுறதில்லையா?"

"குடிக்கிற தண்ணிலயாங்க சோப்புப் போடுறது? பாவமில்லையா?"

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். ஏனென்றால் அந்தத் துணியைக் கட்டியது நான்.

அந்த வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் வடிகட்டல் பற்றிப் படித்தோம். பீலித் தண்ணீரில் இலையும் மண்ணும் புழுவும் விழுவதைப் பார்த்து, என் பள்ளி உடுப்புத் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியை ஒரு விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் குழாய் வாயில் கட்டினேன். எல்லாரும் பார்த்து வியந்த பிறகு நான்தான் என்று சொல்லலாம் என்று திட்டம். வியக்கவும் செய்தார்கள். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் தாத்தா முந்திக்கொண்டு, "நான்தான் தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிவச்சேன், செஞ்சு குடுத்துட்டாங்க" என்றுவிட்டார். பெரிய மனிதரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? ஆத்திரத்தில் அந்தத் துணியையே மறந்துவிட்டேன். வாரம் முழுவதும் அழுக்கைப் பிடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் குடத்துக்குள் கொட்டுகிற கருவியாக அது மாறியது எனக்கு எப்படித் தெரியும்?

அதற்குள் லயமே பீலியைச் சுற்றிக் கூடிவிட்டது. பெரியப்பாவும் மேலேயிருந்து இறங்கி வந்து ஓரமாக நின்றார்.

"இது எப்ப கட்டினது?" என்று மிஸ் கேட்டார். ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். பெரியப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வந்தார்.

"தைப்பொங்கல் முடிஞ்சு மூணாம் நாள் காலையிலங்க. எங்க மாட்டுப் பொங்கப் பான அப்பக் கழுவாமக் கெடந்துச்சு. அதுக்கு முந்தி பீலில துணி இல்லீங்க."

மிஸ் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். "யார் கட்டினது?"

எல்லாக் கண்ணும் தலைவர் தாத்தா பக்கம் திரும்பின. அவர் வானத்தைப் பார்த்தார். "நானா? நான் எங்கங்க கட்டினேன்? நான் சும்மா ஆபீஸ்ல ஒரு வார்த்த..." என்று இழுத்தார். யாரோ சிரித்தார்கள். மாட்டை விற்கச் சொன்ன ஆராய்ச்சிக்காரியே நோயையும் கட்டித் தொங்கவிட்டவள் என்று தெரிந்தால் அந்த லயத்தில் நான் எந்த முகத்தோடு நடப்பது? பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தானே. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மெல்ல ஒதுங்கினேன்.

மிஸ் பெரியப்பாவைப் பார்த்தார். நாளைச் சரியாகச் சொன்னவர் ஆளையும் சொல்வார் என்று நினைத்திருப்பார் போலும்.

"தெரியாதுங்க மிஸ்" என்றார் பெரியப்பா. "காத்துல வந்து மாட்டிக்கிச்சோ என்னவோ."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸும் முதன்முறையாகச் சிரித்தார். "பரவாயில்ல. எப்பன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்" என்று கொப்பியைப் புரட்டினார்.

துணிதான் காரணம், ஆளை விடுங்கள் என்று அவர் சொல்லிவிடுவார் என்று பார்த்தால், அப்போதும் தெரியாது என்றார். துணியாக இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம் என்றார். துணியை மட்டும் எடுத்துவிட்டு மாட்டை இருந்த இடத்திலேயே விட்டு மூன்று ஞாயிறு பார்ப்போம் என்றார். தலைவர் தாத்தா ஒரு நியாயமான யோசனை சொன்னார். "ரெண்டையும் எடுத்துட்டா வேல முடிஞ்சிரும்தானேங்க?"

"முடிஞ்சிரும். ஆனா எதால நின்டதுன்னு தெரியாமப் போகும். இந்த ஐயா சும்மா மாட்டை இழந்திருப்பார்" என்றார் மிஸ். திருவிழாவுக்குச் சரியாக மூன்று ஞாயிறுதான் இருந்தது. தலைவர் தாத்தா சம்மதித்தார். துணி ஐஸ் பெட்டிக்குள் போனது.

மூன்று ஞாயிறும் மிஸ் வந்தார். பட்டிக்கு மேலே, பட்டிக்குக் கீழே, பீலியில் என்று மூன்று இடத்தில் ஒரே மணி நேரத்துக்குள் தண்ணீர் பிடித்தார். அட்டை அவரையும் கடித்தது. ஒரு கையால் அதைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் போத்தலை மூடினார். போத்தல்களில் இடத்தின் பெயரை எழுதாமல் வெறும் இலக்கம் மட்டும் எழுதியதைப் பார்த்து, மறந்துவிட்டாரோ என்று நான் ஞாபகப்படுத்தினேன். "பேர் தெரிஞ்சா சோதிக்கிற ஆள்ட கண்ணு, தேடுறதத்தான் காணும், மகள்" என்றார். என் சிவப்பு மாடு ஞாபகத்துக்கு வந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதாகப் பன்னிரண்டு வீடும் தலையாட்டியிருந்தது. உண்மையில் யார் யார் கொதிக்க வைத்தீர்கள், கோபிக்க மாட்டேன் என்று அவர் கேட்டபோது இரண்டு வீடுதான் கையைத் தூக்கியது. அதையும் எழுதிக்கொண்டார். மனிதர்கள் சொன்னதைச் செய்யமாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒரு விஞ்ஞானத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை, ஏமாளித்தனமாகத் தெரிந்தது.

முதல் திங்கள் யாருக்கும் வலிக்கவில்லை. இரண்டாம் திங்கள் தலைவர் தாத்தாவின் பேரனுக்கு மட்டும் வலித்தது. எனக்கு ஒரு பக்கம் திக்கென்றது, இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சொன்னதுதான் சரியோ என்று ஒரு சின்ன ஆசையும் எட்டிப் பார்த்தது. அடுத்த ஞாயிறு வந்தபோது மிஸ் அந்தப் பையனோடு பத்து நிமிடம் பேசினார். அந்தத் திங்கள் அவனுக்குக் கணிதப் பரீட்சை இருந்தது தெரியவந்தது. மூன்றாம் திங்கள் என் தம்பி இரண்டு ரொட்டி தின்றுவிட்டு விசிலடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். அம்மா வாசலில் நின்று அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனைக் கூடத்து முடிவும் வந்தது. துணியில் கிருமி மண்டிக் கிடந்தது. பட்டிக்குக் கீழே பிடித்த தண்ணீரில் மேலே பிடித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிருமி இருந்தது, அதையும் மிஸ் மறைக்கவில்லை. சாணிக் குவியலை மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொன்னார். பெரியப்பா அன்றே மண்வெட்டியை எடுத்தார். அப்பாவும் கூடப் போய் நின்று வெட்டினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மாடுகள் போகவேண்டியதில்லை என்று தலைவர் தாத்தா, ஏதோ தானே ஆராய்ந்து கண்டுபிடித்தது போல, கோயில் வாசலில் அறிவித்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

திருவிழா நடந்தது. பிற தோட்டத்துச் சொந்தமெல்லாம் வந்து பீலித் தண்ணீரைக் குடித்து ஊருக்கு நல்லபடியாகத் திரும்பிப் போனார்கள். சினையாக நின்ற பசு திருவிழா முடிந்து ஒரு வாரத்தில் கன்று போட்டது. சீம்பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு பெரியப்பாவே எங்கள் வாசலுக்கு வந்தார். "இந்தாம்மா விஞ்ஞானி, மொதல் பங்கு ஒனக்குத்தான்" என்று என் கையில் கொடுத்தார். நான் வாங்கித் தின்றேன். இனிப்பாக இருந்தது. இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியவில்லை, அந்த மிஸ்ஸாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இப்போது நான் பண்டாரவளையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கொண்டுவருகிறவர்கள் போத்தலைக் கையில் கொடுக்கும்போதே காரணத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன், மேல் தோட்டத்துக்காரன், இல்லாவிட்டால் மருமகள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். எப்போது தொடங்கியது, யாருக்கு வரவில்லை என்று கேட்டுவிட்டு, அவர்கள் முகம் சுருங்கும்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தெரியாது என்று சொல்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் அந்த வார்த்தையைச் சொல்லும்போதுதான் வேலை ஒழுங்காக நடப்பதாகத் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு அம்மாவிடம், நோய் வந்த முதல் நாளை ஒன்றும் விடாமல் நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நானும், ஏனோ, பொங்கல் முடிந்த அந்த மூன்றாம் நாளை ஒன்றும் விடாமல் நினைத்துப் பார்த்தேன். பனி இறங்கிக் கிடக்கிறது. பீலிக்குப் பக்கத்துக் கல்லில் ஒரு காலை வைத்து, பல்லில் துணியைக் கடித்துக்கொண்டு ஏறுகிறேன். மேலே பட்டியில் பால் செம்பில் விழும் சத்தம் கேட்கிறது. அது ஒரு நொடி நிற்கிறது. "பாத்து ஏறும்மா, பாசி வழுக்கும்" என்று பெரியப்பாவின் குரல் மெதுவாக வருகிறது.

அவர் மாட்டோடு பேசுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். பால் கறக்கும்போது அவர் மாடுகளை அம்மா, தாயி என்று கொஞ்சிக்கொண்டே இருப்பது வழக்கம். ஆனால் மாடுகள் பட்டிக்குள் கட்டிக் கிடந்தன. அங்கே பாசியும் இல்லை, ஏறுவதற்குக் கல்லும் இல்லை.